புகை குடித்த பலகை

போன வாரம் பக்கத்து வீட்டில் சமையலறை அலமாரி போட ஒரு தம்பி வந்திருந்தார். வாசலில் இரண்டு கட்டைகளைப் போட்டு, அதன் மேல் ஒரு பெட்டியை வைத்து, சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கை மெஷினால் அதன் மூலைகளை வழித்துக்கொண்டிருந்தார். பலகையும் பலகையும் பல் வைத்துக் கோத்திருந்த இடத்தில், பல்லின் நுனி கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மெஷின் போன வழியில் அது மட்டமாகிக்கொண்டே வந்தது. கை சற்றுத் தயங்கிய இடத்தில் மரம் லேசாகக் கருகி ஒரு வாசனை. அந்த வாசனை வேலியைத் தாண்டி வந்ததும், கையிலிருந்த கீரைக் கட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். எழுபதைத் தாண்டியவள் ஓடுவதைப் பார்த்து, அடுப்பில் ஏதோ தீய்ந்துவிட்டது என்று என் மருமகள் குசினிக்குள் ஓடினாள்.

பார்த்துவிட்டுச் சும்மா திரும்பியிருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"தம்பி, மெஷினுக்கு அடியில ஒரு துண்டுப் பேப்பர ஒட்டிக்குங்க. பலகையில கீறல் விழாது" என்றேன்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆண்டி, நீங்க என்ன, கான்ட்ராக்டரா?"

அவருக்கு முப்பது வயது இருக்கும். பாட்டி என்று கூப்பிடாமல் ஆண்டி என்றாரே, அதற்காகவே அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கலந்து கொடுத்தேன். "மழைக் காலத்துல பலகை உப்பாம பாத்துக்குங்க" என்று ஓசியில் இன்னொரு புத்திமதியும் சொன்னேன். "இது உப்பாது லா ஆண்டி, கேரண்டி" என்றார். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேரண்டி கொடுத்தோம். யாருக்குக் கொடுத்தோம் என்று சொன்னால் அந்தத் தம்பி காப்பியைக் கீழே வைத்திருப்பார்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், கரண்டு மெஷினால் பெட்டி மூலை வழித்தவள் நான். கெடா மாநிலம் முழுவதும் தேடினாலும் அப்படி இன்னொரு பெண் இருந்திருக்க மாட்டாள். சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மெஷினைப் பிடித்தவர் இவர். நான் பலகையைப் பிடித்தேன். ஆனால் பலகையைப் பிடிப்பதும் லேசான வேலை இல்லை.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகிவிட்டது, இனிமேல் சொன்னால் என்ன என்று பேத்தி கேட்கிறாள். சொல்லலாம்தான். நாக்கு வரமாட்டேன் என்கிறது. நீங்களும் 'இவர்' என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. கல்யாணமாகி ஆறு மாதம். இவர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர் இல்லை, பெட்டி அடிக்கிறவர். ரப்பர் ஷீட்டைக் கப்பலில் அனுப்ப மரப்பெட்டி வேண்டுமே, அந்தப் பெட்டி. பலகையை நாலு பக்கமும் நிறுத்தி, ஆணியை வாயில் கவ்விக்கொண்டு, பேசிக்கொண்டே டக்டக்கென்று அடித்துவிடுவார். ஆணி வாயில் இருந்தாலும் பேச்சு நிற்காது. ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பர் வாங்க ஆளில்லை, கப்பலும் இல்லை. கொஞ்ச நாளில் ஆணியும் இல்லை. பழைய பெட்டிகளில் இருந்த ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, அதையே திரும்பத் திரும்ப அடித்து, கடைசியில் ஆணியெல்லாம் பல் போன கிழவர்கள் மாதிரி ஆகிவிட்டன. அப்போதுதான் ஆணியே இல்லாமல் பல் வைத்துக் கோக்கிற பெட்டிக்கு இவர் மாறினார்.

மெஷின் வந்த கதையைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடிய மறுநாள், தோட்டமே பங்களாவுக்குள் புகுந்தது. யாரும் திருடவில்லை. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். 'மழையில் நனைந்துவிடும்' என்று ஆளுக்கொன்றைப் பத்திரப்படுத்தினார்கள். ஒரு வீட்டில் துரையின் குளிக்கும் தொட்டி மரவள்ளிக்கிழங்கு ஊறப்போட வந்தது. வேறொருவர், வீட்டில் உட்கார இடமில்லாதபோதும், சுழல் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தார். இவருக்கு எப்போதும் வேலையில்தான் கண். துரை பொழுதுபோக்குக்குத் தச்சு வேலை செய்கிறவர். அவருடைய அறையில் கிடந்த கை மெஷினை இவர் தூக்கி வந்தார். மேலே மோட்டார், இரண்டு பக்கமும் கைப்பிடி, அடியில் தட்டையான இரும்புத் தட்டு, தட்டின் நடுவே சுழலும் சின்னக் கத்தி. அது போடும் சத்தத்துக்கு அதை 'வண்டு' என்று கூப்பிட்டோம்.

கொள்ளையடித்தவன் தலையை ஜப்பான்காரன் வெட்டுவான் என்று பேச்சு வந்ததும், குளிக்கும் தொட்டி தானாக நடந்து பங்களாவுக்குத் திரும்பியது. சுழல் நாற்காலியும் திரும்பியது. இவர் மட்டும் வண்டைப் பெட்டிக் கொட்டகையில் ஆணியில் மாட்டிவிட்டு, "இது தோட்டத்துச் சாமான். இங்கதான் இருந்துச்சு" என்று தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியிடம் சாதித்துவிட்டார்.

வண்டுக்குக் கரண்டு வேண்டும். இஞ்சின் பார்க்கிற சுப்பண்ணன், டீசல் கிடைக்காமல், ரப்பரையே காய்ச்சி எண்ணெய் எடுத்து டைனமோவை ஓட்டினார். அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல? பழைய டயரையும் கருவாட்டையும் ஒரே சட்டியில் வறுத்த மாதிரி இருக்கும். அவர் இஞ்சினைக் கிளப்பினால் கொட்டகையில் நாங்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொள்வோம். அவர் மட்டும் தலையை நீட்டி, "நல்லா ஓடுது பாத்தீங்களா?" என்று கேட்பார்.

அந்தச் சமயம்தான் கூலிம் டவுனிலிருந்து கண்ணாடி போட்ட ஜப்பான் அதிகாரி ஒருவர் வந்தார். தோட்டங்களில் எத்தனை ஆள் என்று கணக்கெடுப்பது அவர் வேலை. சயாமில், இப்போது தாய்லாந்து என்கிறார்களே அங்கே, ரயில் பாதை போட ஆள் வேண்டும், அதற்குத்தான் கணக்கு. ஏற்கெனவே ஒரு தடவை ஆள் எடுத்திருந்தார்கள். பெட்டிக் கொட்டகையில் இவரோடு வேலை செய்த இரண்டு பேரும் போய்விட்டார்கள், கடிதம்கூட இல்லை. அதிகாரி கொட்டகைக்குள் வந்து, இவர் செய்து வைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்தார். மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். நகம் எங்கும் தட்டவில்லை. "லிச்சின்" என்றார். வழவழப்பு என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து மலாய் வார்த்தைகளில் அது ஒன்று. அவருடைய அப்பா ஊரில் தச்சர் என்று கிராணி பிற்பாடு சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் அவரை நகக்காரர் என்போம், அவருக்குக் காது கேட்காத தூரத்தில்.

நகக்காரர் கேட்டது இதுதான். அவருடைய ஆபீசில் சுவர் அகலத்துக்கு ஒரு அலமாரி. அதில் இருபத்து நான்கு அறை, ஒவ்வொரு அறையிலும் இழுத்தால் வருகிற ஒரு பெட்டி. ஒரு தோட்டத்துக்கு ஒரு பெட்டி, அதற்குள் அந்தத் தோட்டத்து ஆட்களின் பெயர்கள். கிராணிகள் ஆளை ஒளித்துவிடுவார்கள் என்று பேரேட்டை நகலோடு வாங்கிவிட்டார். இனி பெயர் அந்தப் பெட்டியில்தான். பெட்டிக்கும் அறைக்கும் நடுவே காகிதம்கூட நுழையக் கூடாது. செய்து முடிக்கும்வரை இவரைச் சயாமுக்கு எடுக்க மாட்டார்கள்.

முடித்த பிறகு? அதைப் பற்றி நகக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துப் பட்டியலில் நாலாவது பெயர் இவருடையது என்று கிராணி மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பாத்து மெதுவா செய்யச் சொல்லும்மா" என்றார். இவரை மெதுவாகச் செய்ய வைப்பதா! வண்டு கையில் இருந்தால் இவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு பெட்டி முடிந்தால் ஒரு நாள் குறைந்தது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இவர் ஒரு பெட்டி முடிந்தால், "எப்படி இருக்கு புள்ள, தொட்டுப் பாரு" என்று நீட்டுவார்.

நானே கிழங்குக் காட்டு வேலையை விட்டு, கொட்டகை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலையைக் கெடுத்து நாள் கடத்தலாம் என்றுதான் போனேன். போனவள் வேலையில் விழுந்துவிட்டேன். என் வேலை என்னவென்றால், இவர் பல்லை வெட்டும்போதே ஒரு நகக்கனம் நீளமாக விட்டுவிடுவார். பசை காய்ந்ததும் அந்தத் துருத்தலை வண்டு வழிக்க வேண்டும். மூலையில் மெஷின் நிற்க இடம் பாதிதான் இருக்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் கத்தி பலகைக்குள் இறங்கிக் குழி பறித்துவிடும். அதற்காகப் பெட்டிக்கு மட்டமாக இன்னொரு பலகையை நான் அணைத்துப் பிடிப்பேன், மெஷின் இரண்டின் மேலும் சறுக்கிக்கொண்டு போகும். ஓரத்திலிருந்து உள்பக்கமாகத்தான் போக வேண்டும். உள்ளிருந்து வெளியே போனால் ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிடும். ஒரு தடவை தும்மிவிட்டேன். பெட்டியில் பட்டாணி அளவுக்குக் குழி. இவர் மெஷினை நிறுத்திவிட்டு, "தும்முறதுன்னா முன்னாடியே சொல்லிட்டுத் தும்மு" என்றார். மரத்தூளில் பசையைக் குழைத்துக் குழியை அடைத்தோம். வழித்த பிறகு மெம்பெலாஸ் இலையால் தேய்ப்பேன். உப்புத்தாள் கிடைக்காத காலம், மலாய்க் கம்பத்தில், அதாவது அவர்கள் கிராமத்தில், மரம் தேய்க்கிற சொரசொரப்பான இலை அது.

முதல் ஒன்பது பெட்டிக்கு, ஜப்பான் சண்டைக்கு முன்னால் வாங்கிக் கொட்டகையில் கிடந்த பழைய பலகை போதுமாக இருந்தது. எங்கள் தோட்டத்துப் பெட்டியைக் கடைசியில் செய்யலாம் என்று இவர் வைத்துவிட்டார். விருந்தில் அடுத்தவருக்கு முதலில் இலை போட்டுவிட்டு நாம் கடைசியில் உட்காருவோம் அல்லவா, அந்த மரியாதைதான். வேறு யோசனை ஒன்றும் இல்லை.

பத்தாவது பெட்டிக்குப் பலகை இல்லை. கிழங்கு நடுவதற்காக வெட்டிப் போட்ட பால் மரம் மலைபோலக் கிடந்தது. அதை யாரும் அப்போது பலகையாக நினைத்ததில்லை, விறகு என்றுதான் நினைத்தோம். இவர் அதை அறுத்தார். ஈரப் பலகை. எப்படிக் காயவைப்பது? இதற்குத்தான் எங்கள் தோட்டமே கூடி மூளையைக் கசக்கியது. ரப்பர் ஷீட்டை எப்படிக் காயவைப்போம்? புகைக்கூடத்தில் நாலு நாள் தொங்கவிடுவோம். சிவந்து பழுப்பாகிவிட்டால் காய்ந்தது. அதற்கப்புறம் அந்த ஷீட்டை ஆற்றில் போட்டாலும் தண்ணீர் உள்ளே ஏறாது. பால் அந்த மரத்திலிருந்து வந்ததுதானே? மரமும் அப்படித்தானே இருக்கும்? எங்களுக்குத் தெரியாத பால் மரமா? பட்டையில் எத்தனை நூல் ஆழம் வெட்டினால் பால் வரும், எத்தனை நூலில் மரம் சாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம். பலகைகளை ஷீட்டு மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டோம். அனல் குறையாமல் சுப்பண்ணன் விறகு தள்ளினார். நாலாம் நாள் பலகை நல்ல பழுப்பு. எடுத்துத் தட்டினால் கணீரென்றது.

"இனிமே இதுல தண்ணி ஏறாது" என்றார் சுப்பண்ணன்.

"சத்தியமா ஏறாது" என்றார் இவர்.

நானும் தலையாட்டினேன். பால் மரம் வெட்டி வளர்ந்த அத்தனை பேரில், ஷீட்டு வேறு, மரம் வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெட்டிகளை ஒரு வெயில் நாளில் கொண்டுபோய் மாட்டினோம். நகக்காரர் இருபத்து நான்கையும் நகத்தால் கீறிப் பார்த்தார். ஒவ்வொன்றும் லிச்சின். கிராணி மூலம் இவர் கேரண்டி வேறு கொடுத்தார், எந்தக் காலத்திலும் கெடாது என்று. ஒரு பொட்டலம் உப்பு கிடைத்தது. வீட்டுக்கு வந்து நான் அழுதேன். வேலை முடிந்துவிட்டது, இனி என்ன? இவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆணி வாயில் இருக்கும்போதுகூட நிற்காத பேச்சு அன்று நின்றது.

தீபாவளி சமயம் அடைமழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் வெயிலையே பார்க்கவில்லை. அந்த மழையில்தான் சயாமுக்கு மறுபடி ஆள் கேட்டு உத்தரவு வந்தது. எல்லாத் தோட்டத்துக் கிராணிகளையும் டவுனுக்குக் கூப்பிட்டார்கள். நடந்ததை எங்கள் கிராணி வந்து சொன்னார். நகக்காரர் முதலில் எங்கள் பெட்டியைத்தான் இழுத்தாராம். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை. வாளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பூட்ஸ் காலை அலமாரியில் ஊன்றி இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்து, மனிதர் பின்னால் நாற்காலியில் போய் விழுந்தார். கிராணிகள் எல்லோரும் தரையையே பார்த்தார்களாம். சிரித்தால் உயிர் இருக்காதே. பதினைந்து பெட்டி அப்படி இறுகிவிட்டது. கோடரியால் உடைக்கலாம் என்று ஒரு சிப்பாய் சொன்னான். அலோர் ஸ்டாரிலிருந்து பெரிய அதிகாரி அந்த அலமாரியைப் பார்க்கவே வரப்போகிறார், உடைக்கக் கூடாது என்று நகக்காரர் கத்திவிட்டார்.

லாரி எங்களைத் தேடி வந்தது. இவரும் நானும் வண்டைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். நான் எதற்கு என்று சிப்பாய் கேட்டான். "பலகை பிடிக்க" என்றேன். வேறொரு காரணமும் இருந்தது. அடித்துக் கொன்றால் நானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நகக்காரர் எங்கள் பெட்டியின் மூலையில் நகத்தை இழுத்தார். ஒவ்வொரு பல்லுக்கும் நகம் உள்ளே விழுந்தது. பல் இருந்த இடத்திலேயே இருக்க, பலகை தண்ணீரைக் குடித்துப் பருத்துப் பல்லுக்கு மேலே எழும்பி நின்றது. எப்படிக் காயவைத்தாய் என்று கேட்டார். இவர் கைகட்டிக்கொண்டு சொன்னார்: "நாலு நாள் பொகையில போட்டோங்க. ஷீட்டு மாதிரியே செவந்துச்சு. காஞ்சிருச்சுன்னு நெனச்சோம்." கிராணி அதை மலாயில் சொன்னார். நகக்காரர் விளங்காமல் திரும்பக் கேட்டார். கிராணி ஷீட்டு தொங்குவதைக் கையால் காட்டி, பலகை தொங்குவதையும் காட்டினார்.

முதலில் இவர் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. பிறகு நகக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிப்பாய்களைக் கூப்பிட்டு, பலகையைத் தொங்கவிட்டுப் புகை போடுவது போல நடித்துக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள். இவரும் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

அலமாரியின் முதுகுப் பலகையைக் கழற்றி, பின்னாலிருந்து தட்டி, ஒவ்வொரு பெட்டியாக வெளியே எடுத்து, பருத்த பலகையைப் பல்லுக்கு மட்டமாக வழிக்க வேண்டும். டவுனில் கரண்டு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான். மூன்று நாள் ஆயிற்று. எங்கள் தோட்டத்துப் பெட்டி மூன்றாம் நாள்தான் வெளியே வந்தது. அதற்குள் சயாம் லாரி போய்விட்டது. உள்ளே பட்டியல் அப்படியே இருந்தது, நாலாவது பெயரும்.

அதற்கப்புறம் கேளுங்கள். மழை விட்டு வெயில் வந்தது. பலகை வற்றி, பெட்டியெல்லாம் அறைக்குள் கடகடவென்று ஆடியது. இவரைக் கூப்பிட்டார்கள். மெல்லிய சீவல் ஒட்டிச் சரிசெய்தார். மறுபடி மழை, மறுபடி இறுக்கம், மறுபடி வண்டு. இப்படியே ஜப்பான்காரன் சரணடையும்வரை போனது. நடுவில் எங்கள் தோட்டத்திலும் ஆள் எடுத்தார்கள். இவர் பெயருக்கு எதிரே மட்டும் 'பெட்டி ரிப்பேர்' என்று எழுதியிருந்ததாம். நல்ல வேலைக்காரராக இருந்திருந்தால் அன்றே சயாமுக்குப் போயிருப்பார் என்று நான் சீண்டுவேன்.

இந்தக் கதையை இவர் சொல்லாத கல்யாண வீடு இல்லை. நகக்காரர் காலை ஊன்றி இழுத்ததையும் நாற்காலியில் விழுந்ததையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டுவார். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். அதோடு நிறுத்திவிடுவார். நானும் அதற்கு மேல் சொன்னதில்லை.

அந்தச் சயாம் லாரி காலியாகப் போகவில்லை. பழைய பலகையில் செய்த ஒன்பது பெட்டியும் அந்த மழையிலும் ஒற்றை விரலுக்கு வந்தன. அதில் முதல் பெட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துடையது. எங்கள் தோட்டத்தில் எடுக்க வேண்டிய ஆட்களையும் சேர்த்து அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியை வழவழவென்று தேய்த்தது என் கைதான். வருத்தமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

இவர் போய்ச் சேர்ந்த மறு வருஷம், யாரிடமாவது இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு டாக்சி பிடித்து ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். ஆட்கள் குடியிருந்த லயம் இல்லை. கோயில் இல்லை. கிணறு இருந்த இடமும் தெரியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்ப் பனை நின்றது. கேட்டில் ஒரு வங்காளதேசத்துக் காவல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, யாரைத் தேடுகிறீர்கள், பெயர் சொல்லுங்கள் என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார்.

எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. பெயரெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.